வரப்பில் இருந்த மருந்து வீட்டுக்கு வரட்டும்

சிறு விவசாயியின் குடும்பத்துக்கு மருந்துக் கடை வயல் வரப்பில்தான் இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் மாலையில் திரும்பும்போது மடியில் கட்டி வந்ததில் பாதி கீரை, பாதி மருந்து. வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை, ஈர வரப்பில் கரிசலாங்கண்ணி, மழைக்குப் பின் தரிசில் கீழாநெல்லி, வேலியில் தூதுவளையும் பிரண்டையும் தானாக வளர்ந்தன. யாரும் விதைக்கவில்லை, யாரும் விலை கொடுக்கவும் இல்லை. சளி, இருமல், வயிற்றுப் பொருமல், வாய்ப்புண் போன்ற சிறு உபாதைகளுக்கு அந்த வரப்பே போதுமானதாக இருந்தது.

அந்த வரப்பை நம்பி இன்று இலை பறிக்க முடியாது. களையெடுக்க ஆள் கிடைக்காத காரணத்தால் களைக்கொல்லி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. வயலுக்குள் அடிப்பது ஒருபுறம் இருக்க, வரப்பைச் சுத்தம் செய்வதற்கென்றே தனியாக அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. பூச்சி மருந்து தெளிக்கும்போதும் காற்றில் பறக்கும் துளிகள் முதலில் விழுவது வரப்புச் செடியின் மேல்தான். இம்மருந்துகளில் பல ஊடுருவிப் பாயும் தன்மை உள்ளவை. இலைக்குள் போய்விட்ட நஞ்சு ஒரு குடம் தண்ணீரில் கழுவினால் போய்விடாது. நேற்று மாலை மருந்து அடித்தவர் பக்கத்து வயல்காரர். இன்று காலை கீழாநெல்லி பறிப்பவருக்கு அது தெரிய வழியில்லை. நோய் தீர வேண்டும் என்று அரைத்துக் குடிக்கும் இலையே நஞ்சைச் சுமந்து வருமானால் அதைவிட வேறு கொடுமை இல்லை.

வாய்க்கால் ஓரத்து நிலைமையும் இதுவே. வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்றவை நீரில் கலந்திருப்பதைத் தம்முள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் செடிகள். சாக்கடை கலந்த நீரிலும் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரிலும் அவை செழிப்பாகவே வளரும். பார்வைக்குப் பசுமையாக இருக்கும் அந்த இலையில் ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கலாம். பசுமையை வைத்துத் தரத்தை முடிவு செய்வது தவறு.

ஆகவே வரப்பில் இருந்த மருந்தை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவருவது அவசியமாகிவிட்டது. சிறு விவசாயியின் வீட்டில் மூலிகைத் தோட்டம் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். எந்த நீர் பாய்ந்தது, எந்த மருந்து படவில்லை என்று வீட்டார் கண்ணால் பார்த்து உறுதி சொல்லக்கூடிய இலை அங்கே மட்டுமே கிடைக்கும்.

ஐம்பது செடி வேண்டாம்

மூலிகைத் தோட்டம் என்றதும் சிலர் ஐம்பது, நூறு வகை சேர்க்கப் புறப்படுகிறார்கள். பெயர்ப் பலகை எழுதி வைக்கும் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு அது சரி. குடும்பத்துக்கு அது பயன்படாது. பெயர் மறந்துபோகும், எது எதற்கு என்பது குழம்பும், கோடையில் பாதி காய்ந்துபோகும். வீட்டில் உள்ள பெரியவர் முதல் பத்து வயதுப் பிள்ளை வரை எல்லோரும் கண்டவுடன் பெயர் சொல்லக்கூடிய பத்துப் பன்னிரண்டு செடிகள் போதும். வருடத்தில் ஒரு முறையாவது உபயோகத்துக்கு வராத செடிக்கு வீட்டுத் தோட்டத்தில் இடம் தேவையில்லை.

வேறு சிலருக்கு மூலிகை என்றால் பணம் என்ற நினைப்பு. கன்று விற்றவரே விளைச்சலைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்ற பேச்சை நம்பி ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு, விளைந்த பின் வாங்க ஆளில்லாமல் தவித்த விவசாயிகள் பல மாவட்டங்களில் உண்டு. சந்தைக்காக மூலிகை பயிரிடுவது வேறு கணக்கு; அதற்கு விலை, வாங்குபவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் எல்லாம் பார்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தின் லாபத்தை விற்ற பணத்தில் அளக்கக் கூடாது. கடைக்குப் போகாமல் மிச்சமான பணமும், நம்பிச் சாப்பிடக் கிடைத்த இலையும்தான் அதன் வருமானம்.

இடம் இல்லை என்ற பதிலும் அடிக்கடி கேட்பதுதான். 1 சென்ட் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி. 20 அடிக்கு 20 அடி இடம் இருந்தால் அது 1 சென்டுக்கும் குறைவு. ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதில் கால் பங்கு இடமே இருந்தாலும், வேலியை முழுமையாகப் பயன்படுத்தினால் முக்கியமான செடிகள் எல்லாம் அடங்கிவிடும். கொல்லையே இல்லாத காலனி வீடுகளில் வாசலுக்கு இருபுறமும் நான்கு தொட்டிகள் வைக்கலாம். பழைய பானையும் உடைந்த குடமும் தொட்டியாகும். ஆனால் பூச்சி மருந்து வந்த டப்பாவையும் கேனையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியாக்கக் கூடாது.

முதலில் தண்ணீரைப் பிரிக்க வேண்டும்

தோட்டம் போடுகிறவர்கள் செடியிலிருந்து தொடங்குவதே பெரும்பாலும் செய்யும் பிழை. தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் குடிநீருக்கே அலையும் வீட்டில் மூலிகைக்கென்று தனியாக நீர் இறைக்க யாரும் முன்வர மாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே செலவாகும் நீரில் பிழைக்கும் தோட்டம்தான் இரண்டாவது கோடையையும் பார்க்கும்.

வீட்டிலிருந்து இரண்டு வகை நீர் வெளியேறுகிறது. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரும் குடம் அலசிய நீரும் ஒரு வகை. இது செடிக்கு நல்லது. குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் துலக்கிய நீர் மற்றொரு வகை. இதில் சோப்பும் காரமும் எண்ணெயும் கலந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே வாய்க்காலில் விடுவதால்தான் பல வீடுகளில் கொல்லைப்புறம் சேறும் கொசுவுமாகக் கிடக்கிறது.

முதல் வகை நீரை வாளியில் பிடித்து, பச்சையாகவோ அரைத்தோ உண்ணும் இலைச் செடிகளுக்கு ஊற்றலாம். சோப்பு நீர் இலைச் செடிகளுக்கு ஆகாது; நாளடைவில் மண்ணும் இறுகிவிடும். அதற்கு 3 அடி ஆழக் குழி எடுத்து, அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் சரளை, மேலே மணல் என்று நிரப்பி, நீரை அதில் விட வேண்டும். குழியைச் சுற்றி வாழையும் கல்வாழையும் நட்டால் அவை நீரை இழுத்துக்கொள்ளும். வாழையில் இலையும் பூவும் தண்டும் காயும் வீட்டுக்கு ஆகும். குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து நீர் தேங்கினால் மேல் மணலை எடுத்து மாற்றிவிட வேண்டும்.

நீர் எங்கும் தேங்காமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றியுள்ள நல்ல நீரில்தான் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எதிலும் ஒரு வாரம் நீர் நின்றால் போதும், கொசு பறந்துவிடும். காய்ச்சலுக்கு நிலவேம்பு வளர்க்கும் தோட்டமே காய்ச்சலுக்குக் காரணமாகிவிடக் கூடாது.

வேலியே முதல் மருந்து

ஆடும் கோழியும் உள்ள வீட்டில் வேலி இல்லாத தோட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. முள் வெட்டி வேலி போடும் செலவுக்குப் பதில், ஆடு கடிக்காத மூலிகைகளையே வேலியாக நடுவது சிக்கனமான வழி. நொச்சியும் ஆடாதொடையும் இதற்கென்றே அமைந்தவை. இரண்டும் போத்து நட்டால் வரும். ஆடி மழையிலோ ஐப்பசி மழையிலோ, விரல் பருமனுள்ள முற்றிய குச்சியை முக்கால் முழ நீளத்துக்கு வெட்டி, 2 அடிக்கு ஒன்றாக ஊன்றினால் ஒரு வருடத்தில் வேலி கூடிவிடும். இடுப்பளவில் கழித்துவிட்டால் அடர்த்தியாகத் தழைக்கும்.

நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கும் தலைப்பாரத்துக்கும் வழிவழியாக வரும் கைமருந்து. காய்ந்த நொச்சி இலையைத் தானியக் குதிரில் போட்டு வைப்பதும் பழைய வழக்கம். ஆடாதொடை இலைக் கஷாயம் நெஞ்சுச் சளிக்குப் பேர்போனது. ஆங்கில மருத்துவத்தில் சளியை இளக்கக் கொடுக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான். ஆனால் கர்ப்பிணிகள் ஆடாதொடைக் கஷாயம் சாப்பிடக் கூடாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உள்ளது.

இந்த வேலியிலிருந்து வயலுக்கும் வரவு உண்டு. கழித்த தழை பசுந்தாள் உரமாகும். ஆடு தின்னாத இந்த இலைகளை வேப்பிலையோடு ஊற வைத்துப் பூச்சி விரட்டியாகத் தெளிக்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள்.

வேலியின் மேல் தூதுவளையையும் பிரண்டையையும் ஏற்றிவிடலாம். தூதுவளையை நன்கு பழுத்த பழத்து விதையிலிருந்து வளர்க்கலாம். முள் இருப்பதால் நடைபாதைப் பக்கம் வேண்டாம், பின்வேலியில் இருக்கட்டும். பிரண்டை, கணுவோடு ஒரு துண்டை ஊன்றினால் வந்துவிடும். நறுக்கும்போது கை அரிக்கும். எண்ணெய் தடவிக்கொண்டு நார் எடுத்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத்தான் துவையல் அரைக்க வேண்டும்.

முருங்கை இல்லாத கொல்லை முழுமை ஆகாது. ஆனால் அதற்கு நீர் தேங்கும் இடம் ஆகாது. கிளை முறியும் மரம் என்பதால் வீட்டுக் கூரைக்கு அருகிலும் ஆகாது. மேடான மூலையில் நட்டு, வருடம் ஒரு முறை கழித்துவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும்.

நிழல் பாத்தி, வெயில் பாத்தி

வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம். அடுப்படிக் கதவு அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. ஈரமும் மென்மையும் வேண்டும் செடிகளுக்கு அந்த இடத்தை ஒதுக்க வேண்டும். 3 அடி அகலத்தில் பாத்தி எடுத்து, வல்லாரை, வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி ஆகியவற்றை ஆளுக்கொரு பகுதியாக நடலாம். வல்லாரையின் கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். நான்கு துண்டு நட்டால் ஒரு மழைக்காலத்தில் பாத்தியை மூடிவிடும். அரிசி களைந்த நீர் தினமும் இந்தப் பாத்திக்கே போகட்டும். பாத்தியின் ஓரத்தில் கற்பூரவல்லிக்கு இரண்டு குச்சி போதும். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் முதலில் கை போகும் செடி அது.

நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில் துளசியும் நிலவேம்பும் இருக்க வேண்டும். துளசி விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் மட்டும் போட வேண்டும். முளைத்த கன்றை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பிடுங்கி நடலாம். கதிர் விடும்போது கிள்ளிவிட்டால் இலை பெருகும். நிலவேம்பு விதை சீராக முளைக்காது; கன்றாக வாங்கி 1 அடிக்கு ஒன்றாக நடுவது நல்லது. பத்துச் செடி இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். பூக்கத் தொடங்கும் சமயம் செடியோடு அறுத்து, நிழலில் உலர்த்தி, துணிப் பையில் கட்டித் தொங்கவிடலாம். வெயிலில் காய வைத்தால் இலை கருகிச் சத்தும் நிறமும் போய்விடும்.

கீழாநெல்லியை வரிசை போட்டு வளர்க்க வேண்டியதில்லை. ஒரு முறை வேரோடு கொண்டுவந்து நட்டால், விதை சிதறி ஒவ்வொரு மழைக்கும் தானே முளைக்கும். வெயில் பாத்தியின் ஒரு மூலையை அதற்கென்று கொத்தாமல் விட்டால் போதும். நீர் எட்டாத வறண்ட மூலை சோற்றுக் கற்றாழைக்கு. அதன் பக்கக் கன்றை 2 அடி இடைவெளியில் நட்டால் வேறு கவனிப்பு வேண்டாம். அடுப்பில் லேசாகச் சுட்டுக்கொண்ட கைக்கு, முதலில் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றிவிட்டு, பிறகு கற்றாழைச் சோற்றைத் தடவலாம். தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். உள்ளுக்குச் சாப்பிடுகிறவர்கள் அதை வடியவிட்டு, சோற்றைப் பல முறை கழுவ வேண்டும்.

பாத்திகளுக்கு நடுவே 2 அடி அகலத்தில் சமமான நடைபாதை விட வேண்டும். வயதானவர் வழுக்காமல் நடக்கவும், நின்றபடி இலை பறிக்கவும் அது தேவை. நிழல் விழும் இடத்தில் உட்கார ஒரு கல் போட்டால் நன்று. நோயில் படுத்து எழுந்தவரும், வேலைக்குப் போக முடியாத முதியவரும் காலையில் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து களை பிடுங்கினால், அவர்கள் உடம்புக்கும் மனசுக்கும் அதுவே பாதி வைத்தியம்.

உரத்துக்கு, நன்கு மக்கிய தொழு உரம் பாத்திக்கு இரண்டு கூடை போதும். பச்சைச் சாணமும் மாட்டு மூத்திரமும் நேரடியாக இலைச் செடிகளில் படக் கூடாது. பூச்சி வந்தால் கையால் பொறுக்கலாம். மிஞ்சினால் 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊற வைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். கடை மருந்து இந்தத் தோட்டத்துக்குள் வரவே கூடாது. வயலுக்கு அடித்த தெளிப்பானைக் கொண்டுவந்து கொல்லையில் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்தாமல் மூலிகைத் தோட்டம் போடுவதில் பொருளே இல்லை.

பெயரை நம்பக் கூடாது

மூலிகைக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரு ஊரில் நிலவேம்பு என்பதை அடுத்த ஊரில் சிறியாநங்கை என்பார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்கப்படுவதும் நடப்படுவதும் பல இடங்களில் உண்மையான மஞ்சள் கரிசாலை அல்ல. சிங்கப்பூர் டெய்சி என்னும் அழகுச் செடி. மூன்று பிளவாகப் பிரிந்த இலையும் மஞ்சள் பூவுமாக, பூங்காக்களில் தரையை மூடிப் படர்வது அதுதான். ஆகவே பெயரைக் கேட்டுச் செடி வாங்கக் கூடாது. செடியைத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே நட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சித்த மருத்துவப் பிரிவின் மருத்துவரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டலாம். கன்றுகளைத் தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளிலும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிர்த் துறையிலும் விசாரிக்கலாம்.

வேண்டாத செடிகளையும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிராகிறது. அதன் கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. பயிரிடுகிறவர்கள் விதையை வீட்டுத் தானியத்தோடு வைக்கக் கூடாது. பிள்ளைகள் புழங்கும் கொல்லையில் நடவும் கூடாது. அரளி, ஊமத்தை இரண்டும் அப்படியே. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதனாலேயே அது வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கும் செடி அல்ல என்பதும் உண்மை.

கைமருந்தின் எல்லை

மூலிகைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. கொல்லையில் மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பதால் உயிர் போகிறது. ஒரு தோட்டம் நூறு இருமலைத் தீர்த்து, ஒரு உயிரைத் தாமதத்தால் போக்கிவிட்டால் அது நல்ல தோட்டம் ஆகாது.

மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளலாம். கீழாநெல்லிக்கு ஈரலைக் காக்கும் குணம் உண்டு என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சென்னையில் செய்த ஆய்வு, 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தைக் கவர்ந்தது. ஆனால் பின்னர் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதோடு, காமாலை ஒரே நோய் அல்ல. பல நோய்களின் அடையாளம். சேற்று வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். எலி மூத்திரம் கலந்த நீர் காலில் உள்ள வெடிப்பு வழியே ஏறுவதால் வருவது அது. அதற்கு ஆரம்பத்திலேயே ஆங்கில மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டால் சிறுநீரகமும் ஈரலும் கெட்டுப்போகும். கண் மஞ்சளானால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி அதற்குப் பிறகு, மருத்துவர் சொன்னால்.

நிலவேம்புக் குடிநீரும் அப்படித்தான். 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே அது வழங்கப்பட்டது. அதில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று மேலும் எட்டுச் சரக்குகள் சேரும். கொல்லையில் பறித்த இலையை மட்டும் கொதிக்க வைத்துவிட்டு அதே மருந்து என்று நினைப்பது சரியல்ல. குடிநீர் குடித்தாலும், மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும்.

சீந்தில் கொடி கொரோனா காலத்தில் திடீரென்று புகழ் பெற்றது. அதைத் தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. இந்த வாதம் எப்படி முடிந்தாலும் குடும்பத்துக்கு ஒரு பாடம் உண்டு. இலைதானே என்று மாதக் கணக்கில் தொடர்ந்து குடிப்பது கூடாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இலையை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளசிச் சாறு என்றாலும் தேனில் குழைத்துக் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் தேன் ஆபத்து.

பாம்புக் கடியில் பேச்சுக்கே இடமில்லை. சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது, கடித்தால் அதன் இலையை மென்று விஷம் அறியலாம் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உண்டு. பாம்பு வருவது எலிக்காக. எலி உள்ள வீட்டில் எந்தச் செடி இருந்தாலும் பாம்பு வரும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, இலை கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். கடிபட்டவரை நடக்க விடாமல், 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு ஊசி உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே வைத்தியம். பூச்சி மருந்து உள்ளே போய்விட்டாலும் இதே வழிதான். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

இவ்வளவுக்கும் நேரம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. காலையில் மாட்டையும் அடுப்பையும் பார்த்து, பிறகு வயலுக்குப் போகும் பெண்ணின் தலையில் இதையும் கட்டினால் தோட்டம் ஆறு மாதத்தில் புதர் மண்டிவிடும். வேலியைக் கழிப்பதும் குழி தோண்டுவதும் ஆண்கள் பொறுப்பு. இருக்கும் வாளி நீரைப் பாத்திக்கு ஊற்றுவது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பொறுப்பு. இன்ன இலை, இன்னதற்கு, இவ்வளவுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பாட்டி, தாத்தாவின் பொறுப்பு. வரப்பில் செடி மறைந்தபோது செடியோடு அதன் பெயரும் பக்குவமும் சேர்ந்து மறைகின்றன. கன்று நட்டு முதலாவதை மீட்கலாம். மற்றதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

எல்லாச் செடியும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால், ஒரு வீட்டின் நொச்சி வேலி பத்து வீட்டுக்கும் ஆவி பிடிக்கப் போதும். ஒரு வீட்டின் வல்லாரைப் பாத்தி பத்து வீட்டுக்கும் நாற்றுக் கொடுக்கும். செடியைக் கேட்டு வாங்குவதிலும் கொடுப்பதிலும் கிராமத்தில் இதுவரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

வயலில் களைக்கொல்லியைக் குறைப்பது எப்படி என்பது பெரிய பிரச்னை. அது ஆள் கூலியோடும் நெல் விலையோடும் பின்னிக் கிடக்கிறது. ஒரு சிறு விவசாயியால் தனியாகத் தீர்க்கக் கூடியது அல்ல. ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள 1 சென்ட் நிலத்தில் எந்த நஞ்சும் விழாமல் காப்பது அவர் கையில்தான் இருக்கிறது. வருகிற ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கப் போகும்போது, நான்கு நொச்சிப் போத்தும் ஒரு பிடி வல்லாரையும் தேடிக் கொண்டுவந்து நட்டால் போதும். செலவு ஏதும் இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகும்போது, மருந்து அடித்த வரப்பைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இராது.